அறைக்குள் ஒரு நீரூற்று

என் கணவர் வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் மாட்டுகிறவர். ஊர் வெயிலையெல்லாம் பிடித்து அடுத்தவர் வீட்டில் விளக்கெரிய வைக்கிற மனிதருக்கு, வெளிச்சம் பட்டாலே தோல் கொப்பளித்துப் போகிற ஒரு மகள். யாரிடமாவது இதைச் சொன்னால் முதலில் சிரிக்கப் பார்ப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். சிரித்தால்தான் என்ன? அழுது மட்டும் எதை மாற்றிவிட்டோம்.

அவளுக்கு ஆறு வயது. வாலு என்று கூப்பிடுவோம். ஆட்டாத வால்தான், ஆட்ட இடம் இல்லை. பிறவியிலேயே வந்த நோய். டாக்டரம்மா அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். பகல் வெளிச்சமே ஆகாது, மேகம் மூடியிருந்தாலும் ஆகாது, மருந்து கிடையாது, ஒவ்வொரு தடவை சுடுவதும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டினோம். இருட்டிய பிறகுதான் அவளுக்குத் தெரு. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எனக்கு நிழல் என்றாலே பற்றிக்கொண்டு வரும்.

அவளிடம் மட்டும் ‘வெயிலில் போகக்கூடாது’ என்று சொல்லி வைத்திருந்தோம். பகலே உனக்கு இல்லை என்று ஒரு குழந்தையிடம் எந்த வாயால் சொல்வது?

எங்கள் வீடு முதல் மாடி. கீழே முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடிப்பார்கள். அந்தக் கூச்சல் கறுப்புத் தாளைத் தாண்டி உள்ளே வரும். வாலு சுவரில் காதை வைத்துக் கேட்டு, யார் யாரை நனைத்தார்கள் என்று எனக்குச் சொல்வாள். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பாவிடம் சொன்னாள்:

“நீ மட்டும் நாள் பூரா வெயில்லயே இருக்க. எனக்குக் கொஞ்சம் கொண்டு வாயேன்.”

அந்த மனிதருக்கு அது போதாதா? மறுநாளே உடைந்த சின்னப் பேனல் துண்டு, பழைய பம்பு மோட்டார், பிளாஸ்டிக் பாட்டில் என்று கூடத்தைக் குப்பைமேடாக்கிவிட்டார். படகு மாதிரி ஒன்று செய்தார். முதுகில் பேனல், வயிற்றில் மோட்டார், மேலே தண்ணீர் பீச்சும் குழாய். மொட்டை மாடியில் வெயிலில் வைத்து ஓட்டிப் பார்த்து, பூரித்துப்போய், கொண்டுவந்து இருட்டு அறையில் தொட்டித் தண்ணீரில் விட்டார். அது அசையாமல் மிதந்தது.

“வெயில்ல ஓடுற சாமான, வெயிலே ஆகாத புள்ளைக்குச் செஞ்சிருக்கீங்க” என்றேன். “கொஞ்சமாவது யோசிச்சீங்களா?”

“அட ஆமா” என்றார். தினமும் கூரையில் நிற்கிறவருக்கு உலகம் முழுக்கக் கூரைதான்.

பிறகு சுவரில் துளை போட்டார். வீட்டுச் சொந்தக்காரருக்கு யார் பதில் சொல்வது என்று நான் கத்தியது அந்தத் துளை வழியாகவே போய்விட்டது. பேனல் வெளியே பால்கனியில், வயர் துளை வழியாக உள்ளே, தொட்டி வாலுவின் கட்டிலருகில். அவர் வயரைச் சேர்த்ததும் குழாயிலிருந்து தண்ணீர் எழும்பியது. அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பந்தை வைத்தார். பந்து கீழே விழாமல் தண்ணீரின் தலையிலேயே ஆடிக்கொண்டு நின்றது.

“இது வெயிலா அப்பா?”

“வெயில்தான். வயர் வழியா வந்திருக்கு.”

அவள் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக் கன்னத்தில் தடவிக்கொண்டாள். சுடவில்லை என்று எனக்குக் காட்டினாள். நான் அடுக்களைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

சற்று நேரத்தில் மேகம் வந்து பந்து பொத்தென்று விழுந்தது. “ஏன் நின்னுடுச்சு?” என்றாள். அவர் வாயில் திருகாணியைக் கடித்துக்கொண்டே, “வெயில் போயிடுச்சும்மா. வந்தா ஓடும்” என்றார். வேறு யார் வீட்டிலும் அது ஒரு சாதாரணப் பேச்சு.

அதிலிருந்து எங்கள் வீட்டில் வானிலை அறிக்கை வாசித்தவள் அவள்தான். “அம்மா, மேகம், துணிய எடு” என்று இருட்டு அறைக்குள்ளிருந்து குரல் வரும். நான் எட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும். என் பெண்ணின் சமர்த்தைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கிய வாரம், ஒரு காலையில் வானம் மூடிக்கொண்டு வந்தது. நான் மிக்ஸியைப் போட்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் கதவு திறந்தது கேட்கவில்லை. அறைக்கு வந்தபோது பந்து தொட்டி ஓரத்தில் சும்மா கிடந்தது. வாலுவின் செருப்பு இல்லை.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. முற்றத்தில் பிள்ளைகள் நடுவில், கையில்லாத கவுனில், தொப்பலாக நனைந்து, முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பின் மேல்தான் என் முந்தானையைப் போட்டு மூடினேன்.

“மேகமாத்தானே இருக்கு, அதான் விட்டுட்டேன்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, கையைப் பிசைந்துகொண்டு.

முந்தானைக்குள்ளிருந்து வாலு சொன்னாள்: “வெயில் இல்லம்மா. நான் பார்த்துட்டுத்தான் வந்தேன். பந்து ரொம்ப நேரமாக் கீழேயே இருந்துச்சு.”

மறுநாள் விடிவதற்குள் முகமும் கைகளும் கொப்பளித்துவிட்டன. கண் திறக்க முடியவில்லை. டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. திட்டாமல் மருந்து தடவினார். “இனிமே வராம பாத்துக்குங்க” என்றார். வந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் கணவரைக் கிழித்துத் தொங்கவிடத் தயாராகத்தான் இருந்தேன். அவரே முந்திக்கொண்டார். “மேகம் மூடினாலும் பேனல் கரண்ட் குடுக்கும், கொஞ்சமாக் குடுக்கும்னு வாங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன். அந்தக் கொஞ்சத்துல மோட்டார் சுத்தாதுன்னும் எனக்குத் தெரியும். எம் பொண்ணுகிட்ட மட்டும் வெயில் போயிடுச்சுன்னேன்.” சுவரில் தலையை மெல்ல முட்டிக்கொண்டார். பலமாக முட்டக்கூட அந்த மனிதருக்கு வரவில்லை. என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எனக்கு அது தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியை உடைக்கப் போனார். வாலு அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணீர் பட்டால் கன்னம் எரிகிறது என்று அதற்கும் சேர்த்து அழுதாள். உடைக்க முடியவில்லை. அதனால் வேலையிடத்தில் கேட்டு, கண்ணாடி விரிசல் விட்ட பெரிய பேனல் ஒன்றை வாங்கிவந்து பால்கனியை அடைத்து மாட்டினார். பழைய மோட்டார்தான். ஆனால் இப்போது அதற்குத் தேவையானது எந்த மேகத்திலும் கிடைக்கும்.

“இனிமே இது பொய் சொல்லாது” என்றார் அவளிடம். “ஓடிட்டிருந்தா வெளிய போகக்கூடாது. தானா நின்னாத்தான் போலாம். சரியா?”

“சரி” என்றாள். அவள் எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கிறவள். முற்றத்தில் நனைந்த அன்றைக்கும் கேட்டுத்தான் போனாள்.

மறுநாள் காலையில் எழுந்ததும் தொட்டி விளிம்பில் முகவாயை வைத்து உட்கார்ந்தாள். உதடோரத்தில் இன்னும் தோல் உரிந்துகொண்டிருந்தது. மேகம் வந்தது. பந்து கொஞ்சம் தணிந்தது, விழவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பந்து ஆடியது, விழவில்லை. கீழே பிள்ளைகள் மழையில் குதிக்கிற சத்தம் கேட்டது. அவள் சுவரில் காதை வைக்கவில்லை. பந்தையே பார்த்தாள்.

“அம்மா, இது நிக்கவே மாட்டேங்குது.”

“சாயங்காலம் நிக்கும்டா.”

“அப்ப அவங்கெல்லாம் உள்ள போயிடுவாங்களே.”

போய்விடுவார்கள்தான். அறை வாசலில் அவர் நின்றிருந்தார். வேலைக்குக் கிளம்பியவர், செருப்பைக்கூட மாட்டிவிட்டார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

அவள்தான் அப்பாவின் மனம் நோகக்கூடாது என்பதுபோல என் காதருகில் வந்து, மெதுவாகச் சொன்னாள்:

“பழசே நல்லா இருந்துச்சும்மா. அது அப்பப்ப நின்னுச்சு.”