தப்பாகச் சொல்லும் டீச்சர்

அந்தப் பள்ளியில் விளக்கிச் சொல்ல ஒரு டீச்சர். மிரட்ட ஒரு வாத்தியார். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒருவர். தப்பாகச் சொல்ல இந்திராணி டீச்சர்.

இந்திராணி சொன்னது அப்படியே ஆகிவிடும். பசுவுக்கு மூன்று கால் என்றால் மைதானத்தில் மேய்கிற பசு சாய்ந்து விழும். ஏதாவது ஒரு பிள்ளை, "தப்பு டீச்சர், நாலு!" என்று கத்தியதும் எழுந்துகொள்ளும். பிள்ளைகள் திருத்தினால்தான் உண்டு. இதுவரை ஒரு பசுவுக்கும் சேதமில்லை.

இன்று இன்ஸ்பெக்‌ஷன். கடைசி பெஞ்சில் அதிகாரி. அவர் பக்கத்தில் ஹெச்.எம். தனுஷ்கோடி, வேர்த்து வழிந்தபடி. கையில் பிரம்போடு மிரட்டுகிற வாத்தியார்.

"ஆரம்பிங்கம்மா," என்றார் அதிகாரி.

"இந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது."

ஜன்னல் போயிற்று. இந்திராணி முன்வரிசைக் கயல்விழியைப் பார்த்தார். எப்போதும் முந்திக்கொண்டு திருத்துகிறவள் அவள்தான்.

"ஆமா டீச்சர்!" மொத்த வகுப்பும் ஒரே குரலில்.

இந்திராணி ஹெச்.எம்.மிடம் ஓடி அவர் காதோரம் குனிந்தார்.

"பிள்ளைங்ககிட்ட என்ன சார் சொல்லி வச்சிருக்கீங்க?"

"டீச்சர் எது சொன்னாலும் ஆமான்னு சொல்லணும்னு. நேத்து முழுக்க பழக்கினோம். அதிகாரி முன்னாடி எதுத்துப் பேசினா நல்லாவா இருக்கும்?"

"ஜன்னல் போச்சே சார்!"

"அவர் கிளம்பட்டும், பாத்துக்கலாம். மானத்தை வாங்காதீங்கம்மா."

"என்ன ஒரு கட்டுப்பாடு!" என்றார் அதிகாரி. "அடுத்தது?"

கதவைத் திறந்து வையுங்கள் என்றுதான் சொல்ல நினைத்தார். நாக்குக்குத் தெரிந்தது ஒரே தொழில்.

"கதவும் கிடையாது."

கதவு சுவராயிற்று. அறை இருண்டது.

"ஆமா டீச்சர்!"

யாரோ இருமினார்கள். புழுக்கம் ஏறியது. எந்தப் பிள்ளையும் ஒப்புக்கொள்ள முடியாத பொய்யாக ஒன்று வேண்டும். ஒரே ஒருத்தி வாய் திறந்தால் போதும். அப்புறம் எல்லாவற்றையும் அவளே திருத்திவிடுவாள்.

"நான் இந்த ரூம்லயே இல்ல," என்றார் இந்திராணி.

"த..." கயல்விழியின் குரல்.

பிரம்பு பெஞ்சில் லேசாகத் தட்டியது.

"ஆமா!"

இந்திராணி மைதானத்தில் நின்றார். நல்ல வெயில். எதிரே ஜன்னலும் கதவும் இல்லாத சுவர். இரண்டு கையாலும் அதை அறைந்தார்.

"தப்புன்னு சொல்லுங்க பிள்ளைங்களா! தப்புன்னு சொல்லுங்க!"

சுவரில் காதை வைத்தார். உள்ளே அதிகாரி கனிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் நல்லா காத்து வருதா?"

"ஆமா சார்!"