லிங்கராஜபுரத்துக்குப் போன கம்மல்

தொம்மலூரில் வீணா மேடத்தின் பட்டறையில் சின்னத்தாயி பார்த்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கூட்டுவாள், துடைப்பாள், டீ போடுவாள். அதெல்லாம் யாரும் செய்கிறதுதான். அதற்கு மேல் ஒரு வேலை இருந்தது. புதிதாகச் செய்த கம்மலை அரை நாள் காதில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும்.

சின்னக் கம்மல் இல்லை அம்மா அது. நாலு விரல் நீளம். வெள்ளிக் கம்பியைச் சுற்றிச் சுற்றி, மேலே ஓர் ஊதாக் கல், அதன் கீழே மாதுளை முத்து மாதிரி சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, பச்சை, நுனியில் மயில் கழுத்து நீலம். எல்லாம் சாயம் ஏற்றாத அசல் கல், ஜெய்ப்பூரிலிருந்து டப்பாவில் வரும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. கண்காட்சியில் அதை ஆசையாக வாங்கிப் போகிறவள், காது வலிக்கிறது என்று மறுநாள் திருப்பிக் கொண்டுவரக் கூடாது அல்லவா? அதற்குத்தான் சின்னத்தாயியின் காது.

“கனக்கறதா? முடியில மாட்டறதா?” என்று மத்தியானம் வீணா கேட்பாள்.

“மாட்டினதே மறந்து போச்சு மேடம்.”

இந்தப் பதில் வந்தால் அந்த டிசைன் பாஸ். மாலையில் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பக்குச்சியை ஒடித்துக் காதில் செருகிக்கொண்டு சின்னத்தாயி வீட்டுக்குப் போவாள்.

தொண்ணூற்றொன்பது ஏப்ரல். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், பட்டறை போன் அடித்தது. அவள் மகள் மகா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்.

“அம்மா, லிங்கராஜபுரத்து மாமா விடிகாலையில போயிட்டாராம். நாலு மணிக்கு எடுக்கிறாங்களாம்.”

மாமா என்றது முனிராஜை. சின்னத்தாயியின் புருஷன் நாகேஷுக்குக் கூடப்பிறந்த அக்கா முத்தம்மா; முத்தம்மாவின் வீட்டுக்காரர் முனிராஜ். ஒரே ஊரில் இருந்துகொண்டு சின்னத்தாயிக்கும் முத்தம்மாவுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

நாகேஷ் செத்த இருபத்தோராம் நாள் சின்னத்தாயி, அப்போது பார்த்த கார்மென்ட்ஸ் வேலைக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாப்பில் வைத்து முத்தம்மா கேட்டாள்: “என் தம்பி போயி மாசம் ஆவல. அதுக்குள்ள சீவி முடிச்சிக்கினு கிளம்பிட்டியா?”

“பின்ன? உங்க வூட்டுக்காரரு வந்து எங்களுக்குச் சோறு போடுவாரா?”

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் முத்தம்மாவுக்குத் தைத்தது. அன்றைக்குத் திருப்பிய முகத்தை அவள் திருப்பியதுதான்.

சாவு வீட்டுக்குக் கூப்பிடாமலே போகலாம். இன்றைக்கு அந்த வாசலை மிதிக்காவிட்டால் இனி எந்தச் சாக்கில் மிதிப்பது? போன இடத்தில் அண்ணி முகம் கொடுக்காவிட்டால் அதுவும் தீர்ந்தது. புருஷன் வழியில் சின்னத்தாயிக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரே ஆள்.

மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். விடியுமுன்பே குழாயடியில் குடத்தோடு நின்றவள். பஸ்ஸில் உட்கார இடமில்லை. “முந்தே ஹோக்ரீ அம்மா, முந்தே” என்று கன்னடத்தில் கத்தி, கண்டக்டர் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தான். அல்சூரில் மாறி, மறுபடி நின்று, லிங்கராஜபுரத்தில் இறங்கும்போது கால் தன்னுடையதா என்றே தெரியவில்லை. என்ன சொல்லி உள்ளே நுழைவது என்பதைத் தவிர மனதில் வேறு எதுவும் இல்லை.

சந்து முனையில் சாவுத் தமட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் முனிராஜ் பெஞ்சில் மாலையோடு கிடந்தார். தலைமாட்டில் முத்தம்மா, அவிழ்ந்த தலையும் வீங்கிய கண்ணுமாக.

சின்னத்தாயி “அண்ணீ” என்று போய் விழுந்தாள். கட்டிக்கொண்டு அழ வருகிறவளைத் தள்ளிவிடுகிற வழக்கம் இல்லை. முத்தம்மாவும் கட்டிக்கொண்டாள், ஆனால் கட்டை மாதிரி. அழுது முடித்துச் சின்னத்தாயி நிமிரப் பார்த்தாள். காதை யாரோ இழுத்தது போலச் சுரீர் என்றது.

அப்போதுதான் கம்மல் நினைவு வந்தது. முடியில் மாட்டவில்லை என்று மத்தியானம்தான் மேடத்திடம் சொல்லியிருந்தாள். கொண்டை போட்டவள் சொன்ன சாட்சி அது. முத்தம்மாவின் விரித்துப் போட்ட கூந்தலில் அந்தக் கம்பி நன்றாகவே மாட்டிக்கொண்டது. முந்தானையும் நழுவ, இன்னொரு காதில் ஐந்து கல்லும் வெயிலில் மின்னின.

“பாருடி, சாவு வூட்டுக்குக் கொலு பொம்மையாட்டம் வந்திருக்கா” என்றது பின்னால் ஒரு குரல்.

“அண்ணி, அசையாதீங்க. மாட்டிக்கிச்சு” என்றாள் சின்னத்தாயி காதோடு.

“இன்னாடி மாட்டிக்கிச்சு?”

“கம்மல்.”

“எழவுக்கு வர்றப்போ கம்மலா?”

“வேலையில போட்டது அண்ணி. கழட்ட மறந்துட்டேன். சத்தியமா.”

முத்தம்மாவின் கை மேலே வந்து கல் கல்லாகத் தடவிப் பார்த்தது.

“இன்னா இது, மாட்டு மணியாட்டம்.”

“போட்டுப் பாத்து கனக்குதா இல்லியான்னு சொல்லணும். அதான் வேலை.”

“இதுக்குச் சம்பளம் வேற குடுக்கிறாங்களா?”

“கூட்டுறதுக்கும் சேத்துத்தான்.”

முத்தம்மாவின் தோள் ஒரு தரம் குலுங்கியது. அழுகை என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். சின்னத்தாயி முடியைப் பிரிக்கக் கையைக் கொண்டுபோனாள்.

“எடுக்காத. இப்படியே இரு.”

“அண்ணி?”

“காலையிலேர்ந்து வர்றவ ஒவ்வொருத்தியும் கட்டிக்கினு அழுவுறா. கூடவே நானும் அழுவணும். தொண்டை போச்சுடி. நீ எழுந்தா அடுத்தவ வந்து விழுவா. கொஞ்ச நேரம் என்னை விடாத.”

அப்படியே இருந்தார்கள். கட்டையாக இருந்த உடம்பு மெல்லத் தளர்ந்தது. தலையின் முழுப் பாரமும் சின்னத்தாயியின் தோளுக்கு வந்தது. முட்டி கடுத்தது, முதுகு விட்டுப்போனது, ஆனாலும் அவள் அசையவில்லை. சந்து முனையில் தமட்டை நின்று மறுபடி தொடங்கியது.

“அன்னிக்கு உனக்கு எத்தினி நாள் லீவு குடுத்தாங்க?” என்றாள் முத்தம்மா திடீரென்று.

நாகேஷ் செத்தபோது கிடைத்த லீவைக் கேட்கிறாள் என்று சின்னத்தாயிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

“பத்துதான் குடுத்தாங்க. கார்மென்ட்ஸ்காரன் கால்ல விழுந்து இருபது வாங்கினேன்.”

முத்தம்மா ஓர் ஆபீஸ் கட்டடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள்.

“காலையில போன் பண்ணேன். பத்து நாளுக்கு மேல வராம இருந்தா வேற ஆளப் போட்டுருவேன்னுட்டான் சூப்பர்வைசர். பதினோராம் நாள் நானும் போவணும்” என்றாள்.

“நேரமாச்சு, தூக்கணும். பொம்பளைங்க நகருங்க” என்று ஆண்கள் குரல் கொடுத்தார்கள். முத்தம்மா தலையை வெடுக்கென்று இழுத்தாள். கம்மலோடு ஒரு கொத்து முடி சின்னத்தாயியின் பக்கம் வந்துவிட்டது. பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

“இன்னா பாக்கிறீங்க? என் தம்பி பொண்டாட்டி. வேலையிலேர்ந்து நேரா ஓடியாந்திருக்கா” என்றாள் முத்தம்மா, தேய்ந்துபோன குரலில்.

பாடையோடு ஆண்கள் சந்து முனை திரும்பினார்கள். வாசலைக் கழுவிவிடத் தண்ணீர் வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே முத்தம்மா சொன்னாள்:

“பத்தாம் நாள் தாலி கழட்டுவாங்க. நீ கழட்டு. வேற எவ கையும் எனக்கு வேணாம்.”

“வரேன் அண்ணி.”

சின்னத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முத்தம்மாவால் எழ முடியவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.