செங்கோட்டையன் உடம்பில் ஒரு பாயிண்ட்

போர்வெல் வண்டியில் டிரில்லர் வேலை பார்க்கிறவனுக்கே உடம்புக்குள் கல் வளர்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? திருச்செங்கோட்டில் செங்கோட்டையனைப் பார்த்தவர்களெல்லாம், "ஏனப்பா, ஊர்க் கல்லையெல்லாம் ஒடைச்சியே, உன்ற கல்லை ஒடைக்க வண்டி கெடைக்கலையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்த அன்றைக்குச் சிரிப்பு நின்றுபோனது.

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு சிறுநீரகம். இன்னொன்றைத் தங்கை சௌந்திரத்துக்குக் கொடுத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த அந்த ஒன்றின் வாசலில்தான், போக்கிடம் இல்லாதது மாதிரி, கல் வந்து உட்கார்ந்திருந்தது. சிறுநீர் இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

"மாத்திரையில கரையற கல் இல்லீங்கண்ணா" என்றாள் டாக்டர் நித்யஸ்ரீ. "முதுகுல தொளை போட்டு எடுக்கலாம். ஆனா ஒத்தைக் கிட்னி. ரத்தம் நிக்காம போச்சுன்னா அதையே இழக்க வேண்டி வந்தாலும் வரும்."

மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய்த் துளை போட்டு வந்த செங்கோட்டையன், தன் முதுகில் துளை என்றதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். பக்கத்தில் இருந்த சௌந்திரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் இந்த நிலைமைக்கு வந்ததே தன்னால்தான் என்று அவளுக்கு எண்ணம். யார் சொல்லியும் அது போகவில்லை.

"அதுக்கு முன்னால ஒரு வழி இருக்கு" என்றாள் டாக்டர். "கத்தி வேண்டாம், தொளையும் வேண்டாம். சத்தத்தாலயே ஒடைக்கலாம்."

"சத்தத்தாலயா!" என்றான் செங்கோட்டையன். "ஏனுங்க டாக்டரம்மா, கருங்கல்லு மேல எங்க ஹேமர் அடிக்கிற அடிக்கே சமயத்துல தொளை போடற பிட்டோட பல்லே பேந்து போவுமுங்க. சத்தத்துக்குக் கல்லு ஒடையுமுங்களா?"

"வந்து பாருங்க."

அந்த அறைக்குள் காலை வைத்ததும், தான் நோயாளி என்பதையே அவன் மறந்துபோனான். புது ரிக் வண்டி இறங்கினால் சுற்றிச் சுற்றி வருவானே, அந்த மாதிரி மெஷினைச் சுற்றி வந்தான். படுக்கையின் நடுவில் ஒரு திறப்பு. அதற்குக் கீழே அகலமான கிண்ணம் ஒன்று மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. கிண்ணத்தின் உட்புறம் முழுக்கச் சின்னச் சின்னப் பீங்கான் துண்டுகள் பதித்திருப்பதாக டாக்டர் சொன்னாள். மின்சாரம் பாய்ந்ததும் ஒவ்வொரு துண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு உப்பி அடங்கும், அந்த அதிர்வுதான் சத்தம்.

"தனித்தனியா ஒவ்வொண்ணும் ஒண்ணுமே பண்ணாது. தோல்கூட நோகாது. ஆனா எல்லாம் ஒரே எடத்தைப் பார்த்து நிக்குது. அத்தனை அடியும் அந்த எடத்துல வந்து சேரும். அங்கதான் உங்க கல்லைக் கொண்டுவந்து வைக்கப்போறோம்."

"அடேங்கப்பா! எங்க போர்வெல் பாயிண்டாட்டமுங்களா!" அவன் குரலே ஏறிவிட்டது. "அந்தப் பாயிண்டை எப்படிங்க பாப்பீங்க? நாங்க தண்ணிக்குப் பாக்கறாப்பல தேங்கா வெச்சுப் பாக்க முடியாதே!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிண்ணத்தின் நடுவில் நின்ற சின்னத் தலையைக் காட்டினாள். "இதுவும் அதே பீங்கான்தான். இது சத்தத்தை அனுப்பும், திரும்பி வர்ற சத்தத்தைக் கேட்கவும் செய்யும். கெணத்துல எட்டிப் பார்த்துக் கூப்பிட்டா, பதிலுக்குக் கூப்பிடுதில்ல? அதை வெச்சுப் படம் போடறோம்."

எக்ஸ்ரே இல்லை என்பதால் சௌந்திரமும் உள்ளேயே இருக்கலாம் என்றதும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

செங்கோட்டையனைப் படுக்க வைத்தார்கள். கிண்ணத்தை மூடியிருந்த தண்ணீர்ப் பையின்மேல் வழவழவென்று ஜெல்லை ஊற்றினாள் டாக்டர். "இதுல காத்து மட்டும் புகக்கூடாது. ஒரு குமிழ் இருந்தாக்கூடச் சத்தம் உள்ள போகாம திரும்பிரும்."

"எங்க வண்டியில காத்துதானுங்க எல்லாம்! கம்ப்ரசர் காத்து இல்லீன்னா ஹேமரே அடிக்காது" என்றான் அவன், படுத்துக்கொண்டே.

"இங்க காத்துதான் எதிரி. அசையாம இருங்க. மூச்சு மட்டும் ஒரே சீரா விடுங்க."

திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல் விழுந்திருந்தது. சத்தத்தை மறித்துக்கொண்டு கல் நிற்பதால் விழும் நிழல் அது. இவ்வளவு நாளாக அவனைச் சுருட்டிச் சுருட்டிப் போட்ட எமன் அந்தப் புள்ளிதான்!

டக். டக். டக். அடி விழ ஆரம்பித்தது. இடுப்பில் யாரோ ரப்பர் வளையத்தைச் சுண்டுகிற அளவுக்குத்தான் வலித்தது. செங்கோட்டையனின் காது மட்டும் கூர்மையாகிவிட்டது. வண்டியில் நிற்கிற பழக்கம். கல் கடினமா, சொத்தையா என்று கையும் காதும்தானே சொல்லும். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே கிடந்தான். நேரம் போகப்போக வெள்ளைப் புள்ளியின் ஓரத்திலிருந்து தூசி மாதிரி ஏதோ கிளம்பியது.

"ஒடையுது! அம்மிணி, ஒடையுது பாரு!" என்று தங்கையிடம் கத்தினான். கத்தியதோடு விட்டானா? இடுப்பை வெடுக்கென்று மேலே தூக்கிவிட்டான்.

டக் என்ற சத்தம் பொத் என்று மாறியது. திரை முழுக்க இருட்டு.

"அண்ணா! என்ன காரியம் பண்றீங்க?" டாக்டர் மெஷினை நிறுத்தினாள்.

செங்கோட்டையன் திருதிருவென்று விழித்தான். "போர்ல கல்லு ஒடைஞ்சா ராடைத் தூக்கிக் குடுப்பமுங்க. அப்பத்தானுங்க காத்து அடிச்சுத் தூசி மேல வரும். இல்லீன்னா குழியிலயே அடைச்சுக்குமுங்க. என்னையறியாமத் தூக்கிட்டேனுங்க."

சௌந்திரம் தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு போங்க! வண்டி ஓட்டறதை வண்டியிலயே விட்டுட்டு வரமாட்டீங்களா?"

ஜெல்லைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றிக் கல்லைத் தேடிப் பிடித்தார்கள். டாக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஒத்தைக் கிட்னிக்கு இவ்வளவு அடிதான் தாங்கும்னு ஒரு அளவு இருக்கு. பாதிக்கு மேல முடிஞ்சுருச்சு. மிச்சத்துல ஒடையலைன்னா அடுத்தது தொளைதான். அண்ணா, ஒண்ணுகூட வீணாகக் கூடாது."

அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. சௌந்திரம் வந்து அவன் தோளில் கையை வைத்தாள். "எனக்குக் கிட்னி குடுத்த அன்னிக்கு மயக்க ஊசியில மரக்கட்டையாட்டம் கெடந்தீங்கல்ல? இன்னிக்கு முழிச்சுக்கிட்டே அப்படிக் கெடங்கண்ணா. எனக்காகக் கெடங்க" என்றாள்.

"ஆகட்டும் சாமி" என்றான்.

டக். டக். டக். தூசி கிளம்பியது. தூக்கு, தூக்கு என்று உடம்பெல்லாம் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். ரிக்கில் லீவரைப் பிடிக்கிற கை படுக்கையின் விளிம்பைப் பிடித்தது. திரையில் வெள்ளைப் புள்ளி மங்கி, பரவி, பொடியானது. பின்னால் இருந்த கறுப்பு நிழலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அளவு முடிந்து மெஷின் தானே நின்றபோது அவன் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வந்திருக்கும்.

"ஒடைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றாள் டாக்டர். "ஆனா வாசல் தொறந்திருக்கான்னு நாளைக்குப் பார்த்தாத்தான் சொல்லுவேன். தண்ணியை நல்லாக் குடிங்க. போறதை வடிகட்டிப் பாருங்க."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி அறையில் செங்கோட்டையன் ஒரு டீ வடிகட்டியோடு குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடையாய் நடந்தான். வடிகட்டியில் பழுப்பு நிறத்தில் மணல் விழுந்தது. அதைக் கழுவி, எவர்சில்வர் மூடியின்மேல் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சின்னக் குவியலாக வரிசையாய் வைத்தான். ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் வருகிற கல்தூளைக் குவித்து நிலத்துக்காரருக்குக் காட்டுகிற வழக்கம் அவனை விட்டால்தானே? "இது மேல் ஓடு. இது நடுக்கல்லு. நெறம் மாறுது பாரு அம்மிணி!"

"நல்லாப் பாத்தேன், போங்க! போர்ல தண்ணி வந்தா மொதத் தண்ணியை ஊட்டுக்காரவீகளுக்குக் குடுக்கறாப்பல, இதையும் கையில ஏந்திக்கிட்டு வந்துறாதீங்க!" என்றாள் சௌந்திரம். வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் டாக்டர் ஸ்கேன் அறையில் கையடக்கமான புரோப் கருவியை அவன் அடிவயிற்றில் வைத்து அழுத்தினாள். நீர்ப்பை ஒரு கறுப்புக் குளமாகத் தெரிந்தது. குளம் அசையவில்லை. செங்கோட்டையன் மூச்சையே விடவில்லை. சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

திடீரென்று குளத்தின் ஓரத்திலிருந்து ஒரு செந்நிறம் பீறிட்டது. அணைந்தது. மறுபடி பீறிட்டது.

"அதாங்கண்ணா. ரத்தமில்லை, மேலயிருந்து சிறுநீர் இறங்குறதை மெஷின் செவப்பாக் காட்டுது. வாசல் தொறந்துருச்சு. தொளை வேண்டாம்."

"தண்ணி வந்துருச்சு!" காய்ந்து கிடக்கிற காட்டில் ராத்திரி பகலாகத் துளை போட்டுத் தண்ணீரைக் கண்டதும் கத்துவானே, அந்தக் கத்து! "அம்மிணி, தண்ணி வந்துருச்சு! கண்ணைத் தொறந்து பாரு!" வெளியே இருந்த நர்ஸ் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

டாக்டர் ஜெல்லைத் துடைக்கப் போனாள். செங்கோட்டையன் எழுந்து உட்கார்ந்து, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான்.

"டாக்டரம்மா, ஒரு ஒதவிங்க. அதை என்ற தங்கச்சி வயித்துலயும் ஒருக்கா வெச்சுக் காட்டுவீங்களா? நான் குடுத்த கிட்னி அங்க எப்படி ஓடுதுன்னு நான் பாத்ததே இல்லீங்க."

சௌந்திரம் போய்ப் படுத்தாள். டாக்டர் அவள் வலது அடிவயிற்றில் புரோபை வைத்தாள். திரையில் சிறுநீரகம் ஒன்று முழுசாகத் தெரிந்தது. அதன் கிளைகள் முழுக்கச் சிவப்பும் நீலமுமாக ரத்தம் துடித்துத் துடித்து ஓடியது.

செங்கோட்டையன் திரைக்கு மிக அருகில் போய் நின்றான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பாத்தியா சாமி" என்றான். "நான் போட்டதுலயே இதுதான் நல்ல பாயிண்டு. அழுவாத. அசைஞ்சீன்னா படம் போயிரும்."