அப்பியா வீதியில் பின்பக்கமாக ஓடிய வண்டி

"ரோமாபுரியிலை, சக்கரவர்த்தியள் தேரிலை போன றோட்டிலை, முன்னூறு செம்மறியாடு எதிர்க்க வர, நான் வண்டியைப் பின்பக்கமாவே அரை மைல் ஓட்டினனான். ஒரு ஆட்டிலையும் தட்டுப்படேல்லை. கடைசி ஆடு என்னைப் பாத்துத் தலையையும் ஆட்டிப்போட்டுப் போனது."

மல்வேர்ன் மூத்தோர் சங்கக் கூட்டத்தில் சிவபாதத்தார் இப்படிச் சொல்லி முடித்தபோது, போன மாதம் ஆடுகள் நூற்றைம்பதாக இருந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. இந்த வேகத்தில் குட்டி போட்டால் மார்கழிக்குள் மல்வேர்னில் மனிதர் நிற்க இடமிருக்காது என்றார் பின்வரிசையில் ஒருவர். ஆனாலும் பாதியைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்ப அவர்கள் தயார்தான். முழுதாக மறுத்தவர் ஒரே ஒருவர்.

அந்த ஒருவரால் சிவபாதத்தாரின் காரியம் கெடப் பார்த்தது. நகரத்து பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் சிவபாதத்தார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்தால் வலது கால் தானாக பிறேக்கைத் தேடும். ஜன்னலுக்கு வெளியே பஸ் போனால், கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்ப் பார்த்து, "பிந்தித்தான் ஓடுறான்" என்று வந்து சொல்வார். மனைவி மங்கையற்கரசி அவரை ஒரு நாளைக்கு நூறு தரம் அடுப்படியிலிருந்து துரத்தினாள் என்றால், அது குறைத்துச் சொன்ன கணக்கு.

இந்தத் தவிப்புக்கு ரோமாபுரியில் மருந்து கண்டுபிடித்து வந்திருந்தார். ரோமருக்கு சக்கரவர்த்திகள் போன அந்த அப்பியா வீதி என்றால் எங்களுக்கு மார்க்கம் றோட். அங்கே சுற்றுலாக்காரர் பழைய றோட்டால் கூட்டிக்கொண்டுபோய், வழியெல்லாம் காட்டிக் காட்டித் தின்னக் கொடுத்தார்கள். இங்கே சங்கத்து மினிபஸ்ஸில் அதையே செய்யலாம். கொத்துரொட்டிக் கடையில் தொடங்கி, அப்பக் கடையில் இறங்கி, ஸ்ரௌவ்வில் என்ற ஊர்த் தோட்டத்தில் அவித்த சோளத்தோடு முடியும். சாரதியும் வழிகாட்டியும் சிவபாதம்.

சங்கத் தலைவர் மஃரூப் நானாவுக்குத் திட்டம் பிடித்திருந்தது. அப்போதுதான் இராஜரட்ணம் எழும்பினார். மங்கையற்கரசியின் தமையன், கோயில் தர்மகர்த்தா, ரோமாபுரிக்கும் கூடப் போனவர்.

"நானா, நானும் அண்டைக்கு அந்தச் சுற்றுலாவிலை போனனான். வண்டி நிண்ட இடத்துக்கு முன்னாலை ஒரு பழைய கல்லறை. நான் அதிலை குந்தியிருந்து படம் எடுத்தனான். ஆடு வந்திருந்தால் என்ரை மடிக்கு மேலாலைதான் வந்திருக்க வேணும். ஆடும் வரேல்லை, வண்டியும் ஓடேல்லை. இப்பிடிப் புளுகிற ஆளின்ரை கையிலை எங்கடை உயிரைக் குடுக்கேலாது. வழக்கம்போலை நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் போவம்."

மஃரூப் நானா மங்கையற்கரசி பக்கம் திரும்பினார். "நீங்களும் வண்டியில இருந்தீங்கதானே அக்கா?"

"இருந்தனான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தனான். வண்டி குலுங்கினது. ஆட்டு மணம் வந்தது. மிச்சம் தெரியாது."

"சிவபாதம் ஓட்டினால் நிக்கிற வண்டியும் குலுங்கும்" என்றது பின்வரிசை.

நடந்தது என்னவென்றால், ஆடுகளின் தொகையையும் அரை மைலையும் மட்டும் தள்ளிவைத்துவிட்டால், சிவபாதத்தார் சொன்னதேதான்.

சுற்றுலாவுக்கு நாள் குறித்தவள் மங்கையற்கரசி. பஞ்சாங்கம் பார்த்து, இராகுகாலம் தவிர்த்து, நல்ல வெள்ளிக்கிழமையாகத் தெரிந்தெடுத்தாள். அப்படி நாள் பார்த்துத்தான், மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாத நாளில் மச்சம் தின்னும் சுற்றுலாவுக்கு மூன்று பேரையும் பதிந்து வைத்தாள். முதல் கடையில் பன்றிக் கன்னம் போட்ட பாஸ்தா. அடுத்ததில் காகிதம்போலச் சீவிய பன்றித் தொடை. மங்கையற்கரசி கைப்பையிலிருந்து மிக்சரை எடுத்து நீட்டியபோது, வழிகாட்டிப் பெண் சில்வியா அழாத குறை.

கடைசிக் கடையில் வாட்டிய பன்றியைப் பாண் ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். சில்வியா தன் பற்றரி வண்டியைக் கடை தாண்டி ஒரு பைன் மர நிழலில் விட்டுவிட்டு, தின்கிறவர்களோடு உள்ளே போனாள். சிவபாதத்தாரும் மங்கையற்கரசியும் வண்டியிலேயே இருந்துவிட்டார்கள். இராஜரட்ணம், "நான் முன்னாலை போய்க் கல்லறை பாக்கிறன்" என்று இறங்கி நடந்தார். கொஞ்ச நேரத்தில் அதே பக்கமிருந்து ஆடுகள் வந்தன. இரண்டு பக்கமும் மதில். றோட்டை அடைத்துக்கொண்டு ஆடு, ஆட்டுக்குப் பின்னால் குரைக்கிற நாய்.

சிவபாதத்தாரின் வலது கால் விழித்துக்கொண்டது. தாவிச் சாரதி ஆசனத்தில் ஏறினார். எருமை முதுகுபோலப் புடைத்த கருங்கற்களுக்கு மேலால், கண்ணாடியை மட்டும் பார்த்து, வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பஸ் தரிப்பில் நிறுத்துவதுபோலக் கடை வாசலில் ஒதுக்கி நிறுத்தினார். ஆடுகள் உரசாமல் போயின.

வாசலில் இராஜரட்ணம் நின்றார். முன்னால் போனவர் எந்தக் குறுக்கு ஒழுங்கையால் பின்னால் வந்தாரோ, இரண்டு கையிலும் பாண், வாய்க்குக் கீழே நாடியில் கொழுப்பு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மங்கையற்கரசி கண்ணைத் திறந்தபோது பாணைக் காணவில்லை.

இப்போது அந்த இராஜரட்ணத்தின் மனைவி யோகாம்பிகை கூட்டத்தின் முன்வரிசையில் இருந்தாள். அவள் வீட்டில் வெள்ளிக்கிழமையில் முட்டை என்ற சொல்லுக்கே இடமில்லை. தன் புருஷன் ரோமாபுரியிலும் வாழைப்பழத்தோடு வெள்ளி விரதம் பிடித்தவர் என்று கோயில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

சிவபாதத்தாரின் கால் கதிரைக்குக் கீழே தாளம் போட்டது. இன்னும் ஒரே ஒரு வசனம் சொன்னால் மினிபஸ் அவருடையது. எல்லாவற்றையும் கூட்டிச் சொன்ன அந்த வாய், இதைக் கூட்டாமல் சொல்லவும் மறுத்தது.

"வேற யாரும் கண்டவங்க இருக்காங்களா, சிவபாதம் அண்ணன்?" என்றார் மஃரூப் நானா.

சிவபாதத்தார் இராஜரட்ணத்தைப் பார்த்தார். யோகாம்பிகையைப் பார்த்தார்.

"இல்லை நானா. மனிசர் ஒருத்தரும் காணேல்லை. ஆடுகள்தான் கண்டது."

கூடம் சிரித்தது. "அப்ப நயாகராவுக்குக் கையைத் தூக்குங்க" என்றார் நானா. ஒவ்வொன்றாகக் கைகள் எழும்பின. சிவபாதத்தாரின் கால் ஆடாமல் நின்றுவிட்டது. மங்கையற்கரசி அதைக் கண்டு பயந்துபோய், "என்னப்பா, ஏதும் செய்யுதோ?" என்று அவர் தோளைத் தொட்டாள்.

நயாகரா கேட்ட இராஜரட்ணத்தின் கை மட்டும் எழும்பவில்லை. அவரும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, பொறுங்கோ. வந்தது."

"என்ன வந்தது?"

"ஆடு. முன்னூறில்லை, ஒரு நாப்பது வரும். மனிசன் பின்பக்கமாத்தான் வந்தவர். ஒண்டிலையும் தட்டுப்படேல்லை."

யோகாம்பிகை திரும்பினாள். "அப்ப கல்லறையிலை இருந்த உங்களுக்கு ஏன் தெரியேல்லை?"

"நான் கல்லறையிலை இருக்கேல்லை. கடை வாசல்லை நிண்டனான்."

"என்ன கடை?"

இராஜரட்ணம் கைலேஞ்சியை எடுத்து, இத்தனை மாதத்துக்குப் பிறகு, நாடியைத் துடைத்தார்.

"பாணுக்குள்ளை பண்டி வைச்சுக் குடுக்கிற கடை, யோகம். வண்டி வந்து என்ரை காலடியிலைதான் நிண்டது. மச்சான் சொன்னது முழுக்க நடந்தது."