பென்சிலால் எழுதியது

ஃபைலைத் திறக்காமல், அதன் மேல் கையை வைத்தபடி செயலாளர் அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு விசாரணைக் குழுவின் முன்னால் போய்ப் பதில் சொல்ல வேண்டும். போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றின் கூரை இடிந்து மூன்று நோயாளிகள் செத்துப்போனார்கள். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்கு ஒப்புதல் கொடுத்த கையெழுத்து இவருடையது. அடுத்த வாரம் தலைமைச் செயலாளர் நாற்காலி யாருக்கு என்று முடிவாகும். வரிசையில் இவர்தான் முதல் ஆள். காலையில் மனைவி, "வெறும் வயித்தோட போகாதீங்க" என்று சொன்னதற்குக்கூட எரிந்து விழுந்துவிட்டு வந்திருந்தார்.

கையெழுத்தைப் பற்றி அவருக்குப் பயமில்லை. கீழேயிருந்து வந்த குறிப்பை நம்பிப் போட்டேன் என்றால் யாரும் ஏற்றுக்கொள்வார்கள். பாதி அரசாங்கம் அப்படித்தான் ஓடுகிறது. பயமெல்லாம் பென்சிலைப் பற்றித்தான். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலதிகாரிக்குப் பிடிக்காததை முதலில் ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்புவார்கள். அவர் முகம் சுளித்தால் ரப்பரால் அழித்துவிட்டுப் பேனாவால் சம்மதித்துவிடுவார்கள். மனசாட்சிக்கும் சமாதானம், வேலைக்கும் பங்கமில்லை. இவரும் அன்றைக்கு எழுதினார்: 'கூரை நிற்காது. ஒப்புதல் தர வேண்டாம்.' மூன்றாம் நாள் ஃபைல் ஒரு வார்த்தை பதிலில்லாமல் திரும்பி வந்தது. புரிந்துகொண்டார். அழித்தார், கையெழுத்துப் போட்டார். ஆறு மாதத்தில் பதவி உயர்வு வந்தது.

பதிவறையிலிருந்து ஃபைலைக் கொண்டுவந்த கண்காணிப்பாளர் அம்மாள் மறுபடி வந்து எதிரில் நின்றார். அந்தக் காலத்தில் இதே பிரிவில் டைப்பிஸ்டாக இருந்தவர்.

"குழுவிலேர்ந்து ரெண்டு தடவை போன் வந்துடுச்சு சார். ஒரிஜினல்தான் வேணுமாம்."

"நீங்க பாத்தீங்களா?"

"பக்க நம்பர் போடணுமே சார். ஒவ்வொண்ணா பாத்தேன். ஓரத்துல எழுத்து எதுவும் இல்ல."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அடுத்த நொடியே, செத்த மூன்று பேரை நினைத்து, அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"ஆனா நீங்க அப்பல்லாம் அழுத்தி எழுதுவீங்க சார்" என்றார் அந்த அம்மாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவர் அந்தப் பக்கத்தைப் பிரித்து ஜன்னல் பக்கம் சாய்த்தார். வெறும் காகிதம்தான். இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் வரிவரியாகப் பள்ளம் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தார். எழுதியவனுக்கு முப்பத்திரண்டு வயது. அவ்வளவு அழுத்தம் இருந்திருக்கிறது கையில். கண் தெரியாத குழுவாக இருந்தால் தப்பிக்கலாம். ஒரு மணி நேரத்தில் இந்தத் தாள் அவர்கள் கையில் இருக்கும்.

போன் அடிக்கத் தொடங்கியது. அவர் அதை எடுக்கவில்லை. மேசையிலிருந்த பென்சிலை எடுத்துப் படுக்கவைத்து ஓரத்தில் லேசாகத் தேய்த்தார். சாம்பல் நிறத்துக்கு நடுவே, வெள்ளையாக, 'கூரை' என்ற சொல் எழுந்து வந்தது.