சின்னாத்தாளின் கடைசிச் சரணம்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரன், தன் அம்மாவின் நூற்றாண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார். அம்மா சின்னாத்தாள் பொங்கலூர்க்காரர். அறுபதுக்கு மேல்* கீர்த்தனைகள் இயற்றியவர். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அவர் பாடுவார், மகன் டேப்பில் பதிவு செய்வார். அந்தக் கேசட்டுகள்தான் சின்னாத்தாள்.

முதல் வரி இப்படி: "தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண்குரல்..."

ச்சே. அந்த வீட்டில் தறியே இருந்ததில்லை. அடித்துவிட்டேன். அடித்தது தெரிந்துவிட்டுப் போகட்டும்.

2

கேசட்டில் உள்ள பாட்டுகளைச் சென்னையில் ஓர் இசைக் காப்பகத்துக்குக் கொடுக்கப் போகிறார் மகுடேஸ்வரன். அதற்கு முன் கம்ப்யூட்டரில் ஏற்றி, பனியனுக்குச் செய்வதுபோலவே செக்கிங் செய்திருக்கிறார்.

"ஒரே பாட்ட அஞ்சாறு விதமாப் பாடி வெச்சிருக்குதுங்க அம்மா. நல்லா இருந்ததை வெச்சுட்டு மிச்சத்தை ரிஜெக்ட் பண்ணிட்டனுங்க. ஒவ்வொரு பீஸும் ஒவ்வொரு மாதிரி இருந்தா எவனுங்க வாங்குவான்?"

"பழைய கேசட்டெல்லாம்?"

"வேஸ்ட்ல போயிருச்சுங்க."

(இங்கே அவரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. காப்பி சொல்லிவிட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்த மனிதர்.)

* அறுபது என்பது மகன் சொன்ன கணக்கு. செக்கிங்குக்கு முன்பா பின்பா என்று கேட்கவில்லை.

3

மிஞ்சியது ஒரே கேசட். கடைசிக் கீர்த்தனை, முகாரி ராகம். கேட்டுவிட்டு மறுநாளே தரவேண்டும் என்று என்னிடம் கொடுத்தார், அதற்கும் செக்கிங் பாக்கி.

சரணத்தைச் சின்னாத்தாள் வேறு வேறாக முடித்துப் பார்க்கிறார். ஒன்று கெஞ்சுகிறது. ஒன்று சண்டைக்கு வருகிறது. இன்னொன்றைப் பாதியில் நிறுத்தி, "இதுவும் இல்ல" என்று சிரிக்கிறார். நானும் இந்தக் கதையை அவரைப் போலவே... (வேண்டாம். எனக்கு ஏது அந்த யோக்கியதை?)

மறுநாள் மகுடேஸ்வரனுடைய ஆபீஸிலேயே கடைசிப் பகுதியைப் போட்டேன். பாட்டு நின்று பேச்சு வந்தது.

"மகுடு, ஒண்ணையும் அழிச்சறாத கண்ணு. எது பாட்டுன்னு எனக்கே இன்னும் தெரியல."

"செரிங்கம்மா." இளசான குரல். மகுடேஸ்வரனுடையது.

4

முடிவுகள்.

அ) மகுடேஸ்வரன் குலுங்கிக் குலுங்கி அழுதார். இல்லை, அழவில்லை. உங்களுக்குப் பிடிக்குமே என்று எழுதினேன்.

ஆ) கேசட்டை நான் திருப்பித் தராமல் எடுத்துக்கொண்டு

தைரியம் போதவில்லை.

இ) அவர் தானே ரீவைண்ட் செய்து, அந்த இடத்தை மறுபடி கேட்டார். பிறகு, "அந்தப் பேச்சை மட்டும் எடுத்துட்டு அனுப்பலாமுங்களா?" என்றார்.

"அம்மா பேச்சையா, உங்க பேச்சையாங்க?"

அவர் கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். செக்கிங்குக்கா, சென்னைக்கா என்று சொல்லவில்லை. எனக்கு இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை.

நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் மேலே உள்ள எதையும் அழித்துவிடாதீர்கள். எது கதை என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.