ஒற்றைப்படை ரீல் தமிழுக்கு

1955 பிப்ரவரி 12, சனிக்கிழமை மாலை, உதியன்குளங்கரை சந்திப்பை ஒட்டி, அறுவடை முடிந்த வயலில் நின்ற பொன்னுதாஸின் ஓலைக் கொட்டகையில் ஓர் இந்திப் படம் திரையிடப்பட்டது.

அந்தப் பக்கத்தில் அதற்கு முன் யாரும் இந்திப் படம் கொண்டுவந்ததில்லை. பொன்னுதாஸுக்கு வேறு வழி இருக்கவில்லை. தீபாவளிக்குத் தமிழ்ப் படம் போட்டார். கடைசி ரீலில் திரைமேல் சாணி வந்து விழுந்தது. கிறிஸ்துமஸுக்கு மலையாளப் படம் போட்டார். யாரோ ஆயில் எஞ்சினின் பெல்ட்டை அறுத்துவிட்டார்கள். உதியன்குளங்கரை இருந்த நெய்யாற்றின்கரை தாலூகா தமிழ்நாட்டோடு போகவேண்டுமா, திருவனந்தபுரத்தோடு நிற்கவேண்டுமா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்த காலம் அது. முந்தைய ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தபிறகு, அந்தச் சண்டையில் கொஞ்சநஞ்சம் இருந்த தமாஷும் போய்விட்டது. இனி ஒரு கலாட்டா நடந்தால் கொட்டகைக்கு லைசென்ஸ் கிடையாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

“இந்திக்காரனுக்கு நம்ம தாலூகா வேண்டாமே,” என்றார் பொன்னுதாஸ். “அவனுக்குப் பாறசாலை எங்க கெடக்குன்னே அறியாது. ரண்டு கூட்டரும் சமாதானமா இருந்து சிரிச்சிட்டுப் போட்டும். களவாணிப் படமாக்கும். நல்ல தமாசு உண்டுன்னு நாகர்கோயில்ல சொன்னாவ.”

பாஷை தெரியாத கூட்டத்துக்குக் கதை சொல்ல ஆள் வேண்டும். ஊமைப்படக் காலத்தில் செய்ததுபோல ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று தகரக் குழலில் கதை சொல்வது என்று முடிவாயிற்று. ஏழு வருஷம் பம்பாயில் இருந்துவிட்டு வந்து சந்திப்பில் சைக்கிள் கடை வைத்திருந்த ஈசாக்கை பொன்னுதாஸ் போய்க் கேட்டார். மறுநாளே மலையாளக் கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். தமிழில் கதை சொன்னால் அது தமிழ்ப் படம்தானே என்பது அவர்கள் கேள்வி.

டீக்கடையில் உட்கார்ந்து பேசி ஓர் உடன்படிக்கை செய்தார்கள். கொட்டகையில் புரொஜெக்டர் ஒன்றுதான். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டவேண்டும். அதனால் ஒற்றைப்படை ரீல் தமிழுக்கு, இரட்டைப்படை ரீல் மலையாளத்துக்கு. எந்த ரீலில் என்ன இருக்கிறது என்று இரண்டு கட்சிக்கும் தெரியாததால் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

மலையாளத்தில் சொல்ல வேலாயுதனை நிறுத்தினார்கள். அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் ஈசாக் சம்மதம் சொன்னார்.

வேலாயுதனின் தையல் கடை ஈசாக்கின் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். பம்பாயில் லால்பாக்கில் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். ஈசாக் மில்லில் ஃபிட்டர்; வேலாயுதன் பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்கும் கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமை ஈசாக் சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்வரை வேலாயுதன் வாசலில் காத்து நிற்பார். அங்கிருந்து நேரே சினிமா. முன்வரிசை. முதல் வருஷம் ஈசாக்குக்கு இந்தி ஓர் எழுத்து தெரியாது. வேலாயுதன் மூன்று மணி நேரமும் அவர் காதில் கதை சொல்லுவார், பாதி தமிழ், பாதி மலையாளம். பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். பாதிக் கதையை வேலாயுதன் சொந்தமாகக் கட்டிவிட்டார் என்பது இந்தி படிந்த பிறகுதான் ஈசாக்குக்குத் தெரிந்தது. அப்புறம் பார்த்த எந்தப் படமும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

ஆகஸ்டில் தமிழ்க் கட்சி நடத்திய கடையடைப்பில் வேலாயுதன் கடையை மூடவில்லை. தமிழ்ப் பையன்கள் கல்லெறிந்து கண்ணாடியை உடைத்து, தையல் மெஷினைத் தூக்கி ஓடையில் போட்டார்கள். ஈசாக் அன்று மார்த்தாண்டத்தில் இருந்தார். திரும்பி வந்து விஷயம் கேட்டு ரோட்டைக் கடந்து போனபோது, வேலாயுதன் கையில் துணியோடு நிமிர்ந்து பார்த்தார்.

“அளவெடுக்கவா வந்தீங்க?” என்றார்.

பதினாலு வருஷத்தில் அவர் ஈசாக்கை ‘நீங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு அதுவும் இல்லை. ஆறு மாதமாகக் காலையில் எதிரும் புதிருமாகக் கடையைத் திறந்து, இருட்டினால் பூட்டிக்கொண்டு போனார்கள்.

“சபைக்காரன் கொட்டகைக்குப் போலாமா? உபதேசியார் கேட்டா நான் என்ன சொல்ல?” என்று கேட்டாள் ஈசாக்கின் மனைவி ரத்னபாய்.

“படம் பாக்கப் போகல்ல, கத சொல்லப் போறாருன்னு சொல்லு.”

“கதயா? நீங்க வேலாயுதண்ணன் வாயத் தொறப்பாரான்னு பாக்கவாக்கும் போறீய.” அவள் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். “போங்க. பேசினாருன்னா நான் விலாசினிய கேட்டேன்னு சொல்லுங்க.” விலாசினி வேலாயுதனின் மனைவி.

கொட்டகையில் யாரும் சொல்லாமலே கூட்டம் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. திரையின் இடது ஓரம் ஈசாக், அவர் பக்கம் தமிழ்க் கூட்டம். வலது ஓரம் வேலாயுதன், அந்தப் பக்கம் மலையாளக் கூட்டம். நடுவில் ஒரு ஆள் படுக்கலாம்போல இடம். வேலாயுதன் புது வேட்டி கட்டியிருந்தார். ஈசாக் பார்த்தபோது அவர் தகரக் குழலின் உள்ளே ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

படம் தொடங்கியது. மூன்று திருடர்கள், ஒரு வைரவியாபாரி, அவன் வீட்டில் கல்யாணம். கல்யாண பேண்டு செட்டில் சேர்ந்து உள்ளே நுழைந்து நகையை அடிப்பது திட்டம். இதை முதல் ரீலிலேயே சொல்லிவிட்டார்கள். அதன்பின் மூன்று ரீலுக்கு அவர்கள் திட்டம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நடுநடுவே பெரிய திருடன் தோட்டத்தில் ஒரு பெண்ணோடு பாடினான். சின்னத் திருடன் மேசையில் முட்டிக்கொண்டு விழுந்தான். மறுபடி எழுந்து அதே மேசையில் விழுந்தான்.

“ஈசாக்கண்ணா, அவன் என்ன சொல்லுகான்?” என்று இருட்டிலிருந்து கேட்டான் வாழைக்குலை வியாபாரி செல்லசாமி.

“நாளைக்குக் களவுக்குப் போலாம்ன்னு சொல்லுகான்.”

“முந்தின ரீல்லயும் அதத்தானே சொன்னான்?”

“இப்பவும் அதத்தான் சொல்லுகான், மக்கா.”

மலையாளப் பக்கமும் சந்தோஷமாக இல்லை. நாலாவது ரீலில் இரண்டு பாட்டும் ஒரு விழுதலும்தான் இருந்தன. “நமக்குக் கிட்டினது முழுசும் பாட்டாணல்லோ!” என்று அங்கே ஓர் இளவட்டம், மோகனன், எழுந்து நின்று கத்தினான். களவு இருக்கும் ரீல் தமிழுக்குப் போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு.

ஐந்தாவது ரீலில் திருடர்கள் பேண்டு உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஈசாக் கதையை நிறுத்திவிட்டார். தொளதொளத்த கோட்டு, இடது தோள் ஏறி, வலது தோள் இறங்கி. வெள்ளைத் திரையில் அது சாம்பலாகத் தெரிந்தது. ஆனால் அது சிவப்பு என்று அவருக்குத் தெரியும்.

1946இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பாய் தாதரில் தெருவை மறித்து ஷூட்டிங் நடந்தது. பேண்டு ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு ஆள் பிடித்தார்கள். காலை முதல் பொழுது சாயும்வரை இருவரும் வெயிலில் நின்றார்கள். மத்தியானம் பூரியும் உருளைக்கிழங்கும் கிடைத்தது. “எலே, இந்தக் கோட்டத் தச்சவனுக்கு ரண்டு கண்ணும் தெரியாது,” என்று வேலாயுதன் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படம் வரவேயில்லை. முதலாளி நொடித்துவிட்டான் என்றார்கள். பெட்டியில் கிடந்து, பெயர் மாறி, யாரோ முடித்து, ஒன்பது வருஷம் கழித்து உதியன்குளங்கரை வயலுக்கு வந்திருக்கிறது.

ஈசாக் திரையின் மறு ஓரத்தைப் பார்த்தார். வேலாயுதன் கழுத்தை நீட்டி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆறாவதில் கல்யாண வீடு. ஏழாவதில், தமிழுக்குச் சேர்ந்த ரீலில், களவு. திருடர்கள் இரும்புப் பெட்டி அறைக்குள் நுழைந்தார்கள். கொட்டகை முழுக்க மூச்சைப் பிடித்தது. திரை இருண்டது. இருட்டில் தட்டுகிற சத்தம், பூனை கத்துகிற சத்தம், யாரோ தும்மும் சத்தம்.

“எஞ்சின் நின்னுபோச்சு! எலே பொன்னுதாசு!”

“எஞ்சின் ஓடுது,” என்றார் ஈசாக். “இப்ப களவு நடக்குது.”

“எங்க நடக்குது?”

“இருட்டுல.”

வெளிச்சம் வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது, நகை பெரிய முரசுக்குள் போயிருந்தது, திருடர்கள் கல்யாண விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கொதித்துவிட்டது. “களவக் காட்டாம என்ன களவாணிப் படம்!” என்றான் செல்லசாமி. தங்கள் ரீலில் களவு வரவில்லை என்ற வருத்தம் மோகனனுக்கு அந்த நிமிஷத்தில் தீர்ந்தது.

எட்டாவது ரீல் மலையாளம். முரசுக்குள் நகையோடு பேண்டு செட் தெருவில் ஊர்வலம் போகிறது. வேலாயுதன் குழலை வாயில் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு பக்கமும் கூட்டம். தலைப்பாகைகள், தொப்பிகள், மாடியில் பெண்கள். காமிரா அந்தக் கூட்டத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது. நெட்டையாக, ஒட்டிய கன்னத்தோடு ஒருவன் நின்றான். அவன் தோள்மேல் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு குள்ளமாக இன்னொருவன், வாயெல்லாம் பல்லாக. ஒரு கொட்டாவி விடும் நேரம்தான். போய்விட்டது.

தகரக் குழல் கீழே விழுந்தது.

“எலே ஈசாக்கே!” திரையின் அந்த ஓரத்திலிருந்து குழல் இல்லாமலே வேலாயுதன் குரல் வந்தது. “நம்மளல்லேடா அது?”

ஈசாக்கும் குழலைக் கீழே வைத்தார். “நம்மதான்,” என்றார்.

“நீ எந்து மெலிச்சல்! எலும்புக்கூடு! என்னை எப்படிடா சுமந்த?”

“அன்னைக்கு நீயும் கனம் கம்மிதான்.”

கொட்டகைக்கு விஷயம் பிடிபட ஒரு நிமிஷம் ஆனது. பிடிபட்டதும் அந்தப் படம் முதன்முதலாகச் சிரிப்பை வாங்கியது. இரண்டு பக்கமும் ஒன்றாகக் கையைத் தட்டி, விசிலடித்து, இன்னொருதரம் போடு என்று கத்தினார்கள். பொன்னுதாஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. படப்பெட்டி வந்ததிலிருந்து அவர் கேட்ட முதல் கைதட்டல். படத்தை நிறுத்தி, ரீலைப் பின்னால் சுற்றி, அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். அதைத்தான் அவர் செய்திருக்கக் கூடாது.

முதல் தடவை எல்லோரும் ஈசாக்கையும் வேலாயுதனையும் பார்த்தார்கள். இரண்டாம் தடவை அவர்களுக்கு வேறொன்று தெரிந்தது.

“பாத்தியளா!” என்றான் செல்லசாமி. “தமிழனுக்க தோளுல மலையாளி! பம்பாயிலயும் இதே கததான்!”

“சுமக்கான் ஒராளு வேண்டேடா!” என்று மோகனன் திருப்பிக் கொடுத்தான். சுமக்க ஒருவன் வேண்டாமா என்று.

இதற்கும் சிலர் சிரித்தார்கள். அடுத்ததற்குச் சிரிக்கவில்லை. நடுவில் இருந்த காலி இடம் நிரம்பியது. ஒரு பெஞ்சு உயர்ந்தது. யாரோ திரையின் கயிற்றைப் பிடித்து இழுக்க, ஊர்வலம் சாய்ந்து, பேண்டு செட் ஓலைக் கூரைமேல் ஏறிப் போயிற்று. பெண்கள் பக்கம் முதலில் காலியானது.

ஈசாக் விலக்கப் போனார். அவர் யார் கையைப் பிடித்தாலும் அவன் அவரைத் தள்ளிவிட்டு எதிரியைத் தேடிப் போனான். வேலாயுதனுக்கும் அதே கதி. தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு இரண்டு பேரும் திரைக்குப் பின்னால், எஞ்சினுக்கு வைத்திருந்த எண்ணெய் டின்களுக்கு இடையில் வந்து சேர்ந்தார்கள். வேலாயுதனின் புது வேட்டியில் கரி. வெளியே பொன்னுதாஸ், “எனக்க லைசென்ஸ், எனக்க லைசென்ஸ்,” என்று எல்லோரிடமும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இதுக்கானாடா நாம அன்னைக்கு முழுப்பகலும் வெயில்ல நின்னது?” என்றார் வேலாயுதன்.

“பூரி நல்லாயிருந்து.”

“பூரி நல்லதுதான். களவு எங்கடா? இருட்டாக்கிப் பூனையை விட்டா களவாயிடுமா? நான் உனக்குக் காதுல சொன்னதெல்லாம் இதைவிட எத்தனை நல்ல கத!”

“அதுல பாதி நீ கெட்டினது.”

வேலாயுதன் அவரைப் பார்த்தார். “அறிஞ்சிருந்தியா?”

“ரண்டாம் வருசமே அறியும்.”

“பின்ன ஏன் வாயத் தொறக்காம, மிண்டாம இருந்த?”

ஈசாக் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். “அந்த மெசினு,” என்றார். “சத்தியமா நான் மார்த்தாண்டத்திலயாக்கும் இருந்தேன், வேலாயுதா.”

“அது அன்னைக்கே அறியும்.” வேலாயுதன் வேட்டியிலிருந்த கரியைத் தட்டினார், அது இன்னும் பரவியது. “நீ இங்க இருந்தா அவனுவ எறிஞ்சிருக்க மாட்டானுவ. அதாக்கும் எனக்குக் கோபம். இங்க இருந்திருக்கணும் நீ.”

வெளியே விசில் ஊதும் சத்தம் கேட்டது, போலீஸ் வந்திருந்தது. வேலாயுதன் இன்னொரு டின்னை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரத்னபாய் விலாசினிய கேட்டா,” என்றார் ஈசாக்.

“சொல்லுறேன்.”

போலீஸ் இரண்டு பக்கத்திலும் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய், காலையில் விட்டது. படப்பெட்டி திங்கட்கிழமை பஸ்ஸில் நாகர்கோயிலுக்குத் திரும்பியது; முரசுக்குள் போன நகை என்னவாயிற்று என்று உதியன்குளங்கரையில் யாருக்கும் தெரியவில்லை. கொட்டகையின் லைசென்ஸ் ரத்தாயிற்று. பொன்னுதாஸ் ஓலையைப் பிரித்து விற்றுவிட்டு, எஞ்சினைப் பக்கத்தில் காரோடு கிராமத்துக்குக் கொண்டுபோய் நெல் குத்தும் மில் வைத்தார். எதிர்க்கட்சிக்காரனோடு குலாவினதாகத் தமிழ்க் கட்சி ஈசாக்கையும், மலையாளக் கட்சி வேலாயுதனையும் விலக்கின. ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, வேலாயுதனும் விலாசினியும் ஈசாக்கின் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டார்கள்.